யாரைக் கேட்டு இந்த மின்சாரத்தை வாங்கினார்கள்?

2025 நவம்பர் 1ஆம் திகதி ஒன்ராறியோவில் மின்சார விலை ஏறியது. கொஞ்சநஞ்ச ஏற்றம் இல்லை. இரவிலும் வார இறுதியிலும் யூனிட்டுக்கு 7.6 சதமாக இருந்தது 9.8 சதம் ஆனது. வேலைநாட்களின் உச்ச நேர விலை 15.8 சதத்திலிருந்து 20.3 சதத்துக்குப் போனது. கணக்குப் பார்த்தால் 28, 29 வீதம். பால் விலை இப்படி ஏறியிருந்தால் ஸ்காபுறோத் தமிழ்க் கடைகளில் ஒரு வாரம் அதே பேச்சாக இருந்திருக்கும். மின்சாரத்துக்கு ஒரு சத்தமும் இல்லை.

காரணம் பில்லின் அடியில் இருக்கிறது. அதே நாளில் ஒன்ராறியோ மின்சாரத் தள்ளுபடி 13.1 வீதத்திலிருந்து 23.5 வீதமாகக் கூட்டப்பட்டது. மேலே ஏறியதைக் கீழே கழித்துவிட்டார்கள். நாங்கள் கட்டும் தொகை பெரிதாக மாறவில்லை, அதனால் யாரும் கவனிக்கவில்லை. ஆனால் அந்தத் தள்ளுபடி மாகாண அரசின் கஜானாவிலிருந்து வருகிறது. அது நாங்கள் கட்டிய வரி. பில்லில் கட்டாததை வரியில் கட்டுகிறோம்.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கனடாவுக்கு வந்து வீடு வாங்கி, கடை போட்டு, பிள்ளைகளையும் படிக்கவைத்துவிட்ட எங்கள் சமூகம், மாதம் தவறாமல் கட்டும் ஹைட்ரோ பில்லின் விலையை யார், எங்கே, எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பதில் அக்கறை காட்டுவதில்லை. காட்ட வேண்டும் என்பது என் ஆசை. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒரு பொதுவான எண்ணத்தைத் திருத்திக்கொள்வோம். ரொறன்ரோ ஹைட்ரோதான் விலையைக் கூட்டுகிறது என்று பலர் திட்டுகிறார்கள். ரொறன்ரோ ஹைட்ரோ நகரசபைக்குச் சொந்தமான விநியோக நிறுவனம். கம்பம், கம்பி, மின்மாற்றி, மீட்டர் இவைதான் அதன் தொழில். பில்லில் ‘எலெக்ட்ரிசிட்டி’ என்று வரும் பகுதியை அது வசூலித்து அப்படியே மேலே அனுப்பிவிடுகிறது. அதில் அதற்கு ஒரு சதம் லாபமும் இல்லை. அதன் பங்கு ‘டெலிவரி’ என்ற வரிக்குள் இருக்கிறது. வீட்டுப் பாவனையாளர்களிடம் அந்தப் பங்கை இப்போது நிலையான மாதக் கட்டணமாக அறவிடுகிறார்கள். விளக்கை அணைத்து அணைத்துச் சேமித்தாலும் டெலிவரி அவ்வளவாகக் குறையாததற்கு அதுதான் காரணம்.

இந்த இரண்டு வரிகளுக்கும் விலை குறிப்பது ஒன்ராறியோ எரிசக்தி வாரியம். 1960இல் முதலில் இயற்கை எரிவாயுவைக் கவனிக்க உருவாக்கப்பட்ட வாரியம் இது. பிறகு மின்சாரமும் அதன் கைக்கு வந்தது. ரொறன்ரோ ஹைட்ரோ கட்டணத்தைக் கூட்ட விரும்பினால், ஏன் கூட்ட வேண்டும், எந்தப் பழைய கேபிளை மாற்றப் போகிறோம், எத்தனை ஊழியர் வேண்டும் என்று ஆயிரக்கணக்கான பக்கங்களில் விண்ணப்பம் போட வேண்டும். 2025 முதல் 2029 வரையான ஐந்தாண்டுக் கட்டணம் அப்படித்தான் முடிவானது. நீதிமன்றம் மாதிரியே விசாரணை நடக்கும். பாடசாலைச் சபைகளின் கூட்டணி, நுகர்வோர் சங்கங்கள், வறிய பாவனையாளர்களுக்காகப் பேசும் அமைப்பு என்று பல தரப்பும் வந்து குறுக்குக் கேள்வி கேட்கும். கேட்டதெல்லாம் கிடைக்காது. இந்த நடைமுறையை நான் மனதார மதிக்கிறேன். விலை கேட்பவன் சபையில் நின்று காரணம் சொல்ல வேண்டும் என்பதைவிட நியாயமான ஏற்பாடு வேறென்ன?

சிக்கல் என்னவென்றால், பில்லின் பெரிய பகுதி, அதாவது மின்சாரத்துக்கே கொடுக்கும் விலை, பெருமளவு இந்தச் சபைக்கு வராமலே தீர்மானமாகிவிட்டது. எப்படி என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஊரிலிருந்து யாராவது வந்தால் நாங்கள் கட்டாயம் கூட்டிப்போய்க் காட்டும் காசா லோமா கோட்டை இருக்கிறதே, அதைக் கட்டிய ஹென்றி பெலட்டின் பணத்தில் ஒரு பங்கு மின்சாரத்தில் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரொறன்ரோவின் தெருவிளக்கு வியாபாரம் அவருடைய கம்பனியிடம் இருந்தது. நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்சாரத்தையும் தனியார் கையில் எடுக்க அவரும் கூட்டாளிகளும் முயன்றபோது எதிர்த்து நின்றவர் அடம் பெக். லண்டன் என்ற ஒன்ராறியோ நகரத்தில் சுருட்டுப் பெட்டி செய்து விற்ற வியாபாரி, அந்த ஊர் மேயர். நயாகராவின் தண்ணீர் மக்களுடையது, அதிலிருந்து வரும் மின்சாரத்தை அடக்க விலைக்கே மக்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. 1906இல் மாகாணத்துக்கென்று ஒரு நீர்மின் ஆணைக்குழு அமைந்தது. 1910இல் நயாகரா மின்சாரம் இன்றைய கிச்சனருக்கும், 1911இல் ரொறன்ரோவுக்கும் வந்தது. யூனிவர்சிட்டி அவனியூவில் குவீன் தெருப் பக்கம் நிற்கும் சிலை அவருடையதுதான்.

அடக்க விலைக் கொள்கை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு நின்றது. ஆனால் அடக்க விலை என்றால் அடக்கம் எவ்வளவு என்று யாராவது கேட்க வேண்டுமே. ஒன்ராறியோ ஹைட்ரோ பெரிய பெரிய அணுமின் நிலையங்களைக் கட்டியது. டார்லிங்டன் நிலையத்தின் செலவு மதிப்பீட்டைப் பல மடங்கு தாண்டியது. அக்காலத்தில் எரிசக்தி வாரியம் அந்த நிறுவனத்தின் கட்டணங்களை விசாரித்து ஆலோசனை மட்டும் சொல்லலாம், தடுக்க முடியாது. 1999 ஏப்ரலில் ஒன்ராறியோ ஹைட்ரோவை உடைத்தபோது அதன் கடன் 38 பில்லியன் டொலர். சொத்தை விற்றாலும் அடைபடாத கடன் மட்டும் ஏறத்தாழ 20 பில்லியன். 2002 முதல் யூனிட்டுக்கு 0.7 சதம் கடன் தீர்க்கும் கட்டணமாக எங்கள் பில்லில் ஏறியது. 2015 முடியும்வரை வீடுகள் அதைக் கட்டின. எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் அகதியாக வந்திறங்கிய எங்கள் ஆட்கள், தாங்கள் வருவதற்கு முன்னமே தொடங்கிய கடனை வருடக்கணக்காகக் கட்டியிருக்கிறார்கள்.

2002 மே 1ஆம் திகதி சந்தையைத் திறந்துவிட்டார்கள். அந்தக் கோடை கடும் வெயில். ஏசி ஓடியது, விலை பறந்தது. நவம்பரில் முதலமைச்சர் ஏர்னி ஈவ்ஸ் வீடுகளுக்கும் சிறு வியாபாரங்களுக்கும் யூனிட் 4.3 சதம் என்று விலையைப் பூட்டிவிட்டார். அடக்கத்துக்கும் பூட்டிய விலைக்கும் இடையிலான பள்ளத்தை அரசு நிரப்பியது. அடுத்த ஆகஸ்டில் அந்தப் பெரிய இருட்டு. வடஅமெரிக்காவில் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போன 2003 ஆகஸ்ட் 14. அது கம்பிவலையின் கோளாறுதான், ஒன்ராறியோவின் விலைக் கொள்கையால் வந்ததல்ல. ஆனாலும் மின்சாரம் போதாமல் போய்விடுமோ என்ற பயத்தை அது எல்லோர் மனதிலும் விதைத்துவிட்டது.

இனித்தான் கதையின் கனமான பகுதி. சந்தை விலையை மட்டும் நம்பி யாரும் மின்நிலையம் கட்ட வரவில்லை. அதனால் 2004 சட்டத்தின் மூலம் ஒன்ராறியோ மின் அதிகாரசபை என்ற ஒன்றை உருவாக்கி, 20 ஆண்டு, 40 ஆண்டு ஒப்பந்தங்களில் மின்சாரம் வாங்கத் தொடங்கினார்கள். உற்பத்தி செய்பவருக்கு ஒரு நிச்சய விலை. சந்தையில் அதற்குக் குறைவாகக் கிடைத்தால் மீதியை நாங்கள் கொடுக்க வேண்டும். அந்த மீதிக்கான பெயர்தான் குளோபல் அட்ஜஸ்ட்மென்ட். ஓர் உதாரணம் சொல்கிறேன். 2009இல் பசுமை எரிசக்திச் சட்டம் வந்தபோது வீட்டுக் கூரையில் 10 கிலோவாட் வரை சூரியத் தகடு போட்டவர்களுக்கு யூனிட்டுக்கு 80.2 சதம், 20 வருடத்துக்கு, என்று ஒப்பந்தம் கொடுத்தார்கள். சந்தையில் விலை 3 சதம் என்றால் மீதி 77.2 சதமும் மாகாணம் முழுவதன் பில்களிலும் பிரிந்து ஏறும். சந்தை விலை இறங்கினால் இந்தத் தொகை ஏறும். 2015இல் சந்தையின் சராசரி விலை இரண்டரைச் சதத்துக்கும் கீழே. குளோபல் அட்ஜஸ்ட்மென்ட் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். வீட்டு பில்லில் இரண்டையும் சேர்த்து ஒரே விலையாகப் போடுவதால் கண்ணில் படாது.

ஒப்பந்தம் போட்டதே பிழை என்று நான் சொல்ல வரவில்லை. நிலக்கரியை நிறுத்தியது இந்த மாகாணம் செய்த மிக நல்ல காரியங்களில் ஒன்று. 2014 ஏப்ரலில் தண்டர் பேயில் கடைசி நிலக்கரி எரிந்து முடிந்தது. புகைமூட்ட எச்சரிக்கை வந்த அந்தப் பழைய கோடைகளில் ஆஸ்துமாக்காரப் பிள்ளையை வைத்திருந்த பெற்றோருக்கு அதன் அருமை தெரியும். அதற்கு ஒரு விலை உண்டு, கொடுக்கத்தான் வேண்டும். எவ்வளவு கொடுப்பது, இதைவிட மலிவான வழி உண்டா என்று கேட்க ஒரு சபை இருந்தும் அதைத் தாண்டிப் போனார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

2004 சட்டம் என்ன சொன்னது? மின் அதிகாரசபை நீண்டகாலத் திட்டம் ஒன்றைத் தயாரித்து, எரிசக்தி வாரியத்திடம் விசாரணைக்குக் கொண்டுவர வேண்டும். செலவுக்கு ஏற்ற பலன் உண்டா என்று வாரியம் பார்க்க வேண்டும். 2007இல் ஒரு திட்டம் போனது, விசாரணை இடையில் நிறுத்தப்பட்டது. 2011இல் இன்னொன்று தயாரானது. இரண்டுக்கும் வாரியத்தின் ஒப்புதல் கிடைக்கவேயில்லை. அதற்குப் பதிலாக அமைச்சரின் பணிப்புரைகள் வந்தன. பத்து ஆண்டுகளில் 90க்கும் மேல். இதை வாங்கு, அதை நிறுத்து என்று அமைச்சர் கடிதம் எழுதுவார், அதிகாரசபை நிறைவேற்றும். 2010 ஜனவரியில் சாம்சங் தலைமையிலான குழுவோடு 7 பில்லியன் டொலர் முதலீட்டுக்கான காற்று, சூரிய மின் உடன்படிக்கை போட்டிக் கேள்வியே இல்லாமல் கையெழுத்தானது. அதற்கு முறையான பொருளாதார ஆய்வு எதுவும் செய்யப்படவில்லை என்று 2011இல் மாகாணக் கணக்காய்வாளர் எழுதினார். ஓக்வில்லிலும் மிசிசாகாவிலும் எரிவாயு மின்நிலையம் கட்ட ஒப்பந்தம் போட்டு, பிறகு அரசியல் காரணத்தால் நிறுத்தினார்கள். அந்த இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 950 மில்லியன் டொலர் என்று 2013இல் கணக்கு வந்தது.

2015இல் கணக்காய்வாளர் போனி லைசிக் வெளியிட்ட அறிக்கையை இன்றும் யாரும் வாசிக்கலாம். 2006 முதல் 2014 வரை பாவனையாளர்கள் சந்தை விலைக்கு மேல் 37 பில்லியன் டொலர் கொடுத்தார்கள், 2032 வரை இன்னும் 133 பில்லியன் கொடுப்பார்கள் என்றது அது. வேண்டியதற்கு மேல் வாங்கிய மின்சாரத்தை நியூயோர்க், மிச்சிகன் பக்கம் அடக்கத்துக்குக் கீழே விற்றதில் 2009 முதல் 2014 வரை 3.1 பில்லியன் வித்தியாசம் என்றும் சொன்னது. இந்த 37 பில்லியன் முழுவதையும் வீணான பணம் என்று எடுத்துக்கொள்வது சரியல்ல. சந்தை விலைக்குள் நிலையம் கட்டும் செலவு அடங்குவதில்லை, அணு உலைகளின் செலவும் இந்தத் தொகைக்குள் வருகிறது. மின்துறையில் இருந்தவர்கள் அப்போதே இதைச் சுட்டிக்காட்டினார்கள், நியாயமான வாதம்தான். ஆனால் அந்த வாதமும் பதிலும் நடந்திருக்க வேண்டிய இடம் வாரியத்தின் விசாரணை மண்டபம். அதுவும் ஒப்பந்தம் போடுவதற்கு முன்னர்.

இவ்வளவுக்கும் பிறகு அரசு கற்றது வேறு பாடம். 2016இல் சட்டத்தைத் திருத்தி, நீண்டகாலத் திட்டத்தை வாரியம் பரிசீலிக்கும் ஏற்பாட்டையே எடுத்துவிட்டார்கள். திட்டம் முழுவதும் அமைச்சரின் கைக்குப் போனது. 2017இல், தேர்தலுக்கு முந்திய வருடம், லிபரல் அரசு பில்லை 25 வீதம் குறைத்தது. கடன் வாங்கிக் குறைத்தார்கள். பாவனையாளருக்கு 24 பில்லியன் மிச்சம், அதற்காக ஆகும் செலவு 45 பில்லியன் என்று சட்டமன்றத்தின் நிதிப் பொறுப்பு அலுவலகம் கணித்தது. 2018இல் கொன்சர்வேட்டிவ் அரசு வந்து 758 புதுப்பிக்கத்தக்க மின் ஒப்பந்தங்களை ரத்துச் செய்தது. குறைத்த விலையைக் கூட்டத் துணியவில்லை, அதைத் தள்ளுபடி என்ற பெயரில் நேரடியாக வரிப்பணத்துக்கு மாற்றியது. கடனை மறைக்காமல் வரவுசெலவுத் திட்டத்தில் காட்டியது முன்னேற்றம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லா மின்சார, எரிசக்தி மானியங்களுக்கும் சேர்த்து 20 ஆண்டுகளில் 118 பில்லியன் டொலர் போகும் என்று அதே நிதி அலுவலகம் 2022இல் சொன்னது.

இந்தத் தள்ளுபடி வீதக் கணக்கில் வருவதை யோசித்துப் பாருங்கள். மார்க்கமில் நீச்சல் குளமும் இரண்டு மின்சாரக் காரும் உள்ள வீட்டுக்குக் கூடுதல் கழிவு. எக்லிண்டனில் ஒற்றைப் படுக்கையறை அபார்ட்மென்டில் இருக்கும் வயோதிபத் தம்பதிக்குச் சில டொலர். வாடகைக்குள் கரண்டும் அடக்கம் என்று பேஸ்மென்டில் இருப்பவருக்குக் கையில் ஒன்றுமில்லை, ஆனால் அவரும் வரி கட்டுகிறார். பெரிய ஆலைகளின் கதை வேறு. 2011 முதல் அவை வருடத்தின் ஐந்து உச்ச மணித்தியாலங்களில் பாவனையைக் குறைத்தால் குளோபல் அட்ஜஸ்ட்மென்டில் தங்கள் பங்கைக் குறைத்துக்கொள்ளலாம். குறைந்த பங்கு காற்றில் கரைவதில்லை. 2017இல் மட்டும் 1.2 பில்லியன் டொலர் அப்படி வீடுகள், சிறு வியாபாரங்கள் பக்கம் நகர்ந்தது என்று வாரியத்தின் சந்தைக் கண்காணிப்புக் குழுவே எழுதியது. குளிர்காலத்தில் மாலைநேர உச்சம் 5 முதல் 7 வரை. எங்கள் டேக்அவுட் கடைகளில் கொத்துத் தட்டும் நேரம், ரோல்ஸ் பொரிக்கும் நேரம். அவர்களால் ஐந்து மணிக்கு அடுப்பை நிறுத்த முடியுமா?

வாரியம் தைரியமாகப் பேசினால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2023 டிசம்பர் 21ஆம் திகதி, எரிவாயு வழக்கு ஒன்றில் வாரியம் ஒரு தீர்ப்புச் சொன்னது. புதிய வீடுகளுக்கு எரிவாயுக் குழாய் போடும் செலவை 40 வருடத்துக்கு இழுத்து எல்லாப் பாவனையாளர் தலையிலும் போடாமல், வீடு கட்டும் நிறுவனமே முதலில் கட்ட வேண்டும் என்றது. மூன்று ஆணையாளர்களில் ஒருவர் உடன்படவில்லை, அதுவும் தீர்ப்பில் எழுதப்பட்டது. அடுத்த நாளே எரிசக்தி அமைச்சர் டொட் ஸ்மித் அதை மாற்றுவோம் என்று அறிவித்தார். 2024 மேயில் சட்டம் நிறைவேறியது. புதிய வீட்டின் விலை ஏறிவிடும் என்று அரசு சொன்ன காரணத்தில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் ஒரு வருடம் சாட்சியம் கேட்டு எழுதிய தீர்ப்பை ஒரே நாளில் ஒதுக்கும் அரசிடம், அடுத்த முறை வாரியம் எவ்வளவு துணிவாகப் பேசும்?

இலங்கையிலிருந்து வந்த எங்களுக்கு இது புதிதாகத் தெரியக் கூடாது. 2023 பெப்ரவரியில் அங்கே மின்கட்டணம் 66 வீதம் ஏறியபோது, பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தலைவர் ஜனக ரத்நாயக்க அதை வெளிப்படையாக எதிர்த்தார். அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று அரசு அவர்மேல் குற்றம் சாட்டியது. மே 24ஆம் திகதி நாடாளுமன்றத்தில் 123க்கு 77 என்ற வாக்கில் அவரை நீக்கினார்கள். அவர் சொன்னதெல்லாம் சரி என்பது என் வாதமல்ல. கட்டுப்படுத்தும் ஆணைக்குழு அரசுக்கு இடைஞ்சலாக இருந்தால் ஆளை மாற்றுவது ஒரு வழி, சட்டத்தை மாற்றுவது இன்னொரு வழி. யாழ்ப்பாணத்தில் பில் கட்டுபவருக்கும் ஸ்காபுறோவில் பில் கட்டுபவருக்கும் இழப்பு ஒன்றுதான்.

இப்போது மறுபடியும் பெரிய கொள்வனவுக் காலம் வந்திருக்கிறது. டார்லிங்டனில் நான்கு சிறிய அணு உலைகள், 20.9 பில்லியன் டொலர், 2025 மேயில் அரசு அனுமதி கொடுத்தது. பழைய உலைகளின் புதுப்பிப்பு, மின்கலச் சேமிப்பு, புதிய எரிவாயு நிலையங்கள் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. மின்சாரக் கார்களும் தரவு நிலையங்களும் வருகின்றன, மின்சாரம் வேண்டும், மறுக்க முடியாது. அணுமின்னுக்கு ஒன்ராறியோ பவர் ஜெனரேஷன் நிறுவனம் பெறும் விலையை வாரியம்தான் விசாரித்துத் தீர்மானிக்கும், அது ஓர் ஆறுதல். ஆனால் அந்த விலை வாரியத்தின் முன் வரும்போது, கட்டுமானம் தொடங்கியிருக்கும்.

பெரிய விஷயங்கள் நடக்கட்டும், நாங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. நேரத்துக்கு ஒரு விலையா, பாவனை அளவுக்கு ஒரு விலையா என்று 2020 முதல் நாமே தெரிவுசெய்யலாம். 2023இல் வந்த மூன்றாவது திட்டத்தில் இரவு 11 முதல் காலை 7 வரை யூனிட் 3.9 சதம். வீட்டில் காருக்கு மின்னேற்றுபவருக்கு நல்லது. ஆனால் அதே திட்டத்தில் வேலைநாள் மாலை 4 முதல் 9 வரை 39.1 சதம். மின்அடுப்பில் சமைக்கும் பெரிய குடும்பம் கணக்குப் பார்க்காமல் அதில் சேரக் கூடாது. முன்பு வீட்டுக் கதவைத் தட்டி, பில்லைக் காட்டச் சொல்லி ஐந்து வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்களே, 2017 ஜனவரி முதல் அப்படி வாசலில் நின்று மின்சார ஒப்பந்தம் விற்பது தடை. என் உறவில் ஒரு பெரியம்மா ஆங்கிலம் புரியாமல் கையெழுத்துப் போட்டு, நிலையான விலையும் கட்டி, அதற்கு மேல் குளோபல் அட்ஜஸ்ட்மென்டும் தனியாகக் கட்டினார். இன்றைக்கும் யாராவது வந்து தட்டினால் பில்லைக் காட்டாதீர்கள்.

வருமானம் குறைந்த வீடுகளுக்கு ஒன்ராறியோ மின்சார உதவித் திட்டம் இருக்கிறது. வருமானத்தையும் வீட்டில் எத்தனை பேர் என்பதையும் பார்த்து மாதம் 35 டொலரிலிருந்து 113 டொலர் வரை பில்லில் கழிப்பார்கள். 2024 மார்ச்சில் வருமான எல்லையை உயர்த்தியிருக்கிறார்கள், முன்பு கிடைக்காதவர்களுக்கும் இப்போது கிடைக்கலாம். தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். பில் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். பெற்றோர் தனியாக வசித்தால் அவர்களோடு இருந்து நிரப்பிக் கொடுங்கள், குடிவரவோர் உதவி நிலையங்களிலும் செய்து தருவார்கள்.

வாரியத்தின் விசாரணைகளுக்குச் சாதாரண பாவனையாளரும் கருத்துக் கடிதம் எழுதலாம். வழக்கறிஞர் வேண்டாம், கட்டணம் இல்லை. கடிதம் வழக்கின் பொதுக் கோப்பில் சேரும். சில பெரிய வழக்குகளில் பொதுமக்களுக்கான கூட்டமும் வைக்கிறார்கள். எங்கள் வர்த்தக சம்மேளனங்களில் குளிரூட்டிகள் நிறைந்த மளிகைக் கடைக்காரர்கள், விழா மண்டபம் நடத்துபவர்கள், பேக்கரிக்காரர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மாலை உச்ச நேரத்தில் கடையை மூட முடியாதவர்கள் அதை எழுதினால், வாரியத்தின் முன் அதுவும் ஒரு தகவல். அடுத்த வழக்கின் அறிவித்தல் வந்ததும் இங்கே போடுகிறேன். தமிழில் எழுதித் தந்தால் ஆங்கிலத்தில் ஆக்கித் தர நானும் இரண்டு நண்பர்களும் இருக்கிறோம்.